உருளும் வீட்டுக்கு ஓர் இடம்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. சிறியதாயினும் தனக்கென ஓர் இருப்பிடம் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால், தனி வளை கையில் இருந்தும் அதனை வைப்பதற்கு நிலம் கிடையாத ஒரு கூட்டத்தார் உலகில் இருந்தனர் என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும். 2020ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் அத்தகையோர் பலர் இருந்தனர். கொரோனாப் பெருந்தொற்று பரவிய அந்நாட்களில், "வீட்டிலேயே இருங்கள்" என்று மாநில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளையிட்டன. வீடு அவர்களிடம் இருந்தது. அந்த வீட்டை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் விடை கிடைக்கவில்லை.

அவர்களுடைய வீடு சக்கரங்களின் மேல் அமைந்தது. அமெரிக்க மக்கள் அதனை ஆர். வி. என்னும் சுருக்கப் பெயரால் அழைப்பர். வீட்டு வண்டி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பஸ் வண்டியைப் போலத் தானே ஓடும் வகையும் உண்டு. மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வகையும் உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் யாவும் அதனுள்ளே அடங்கும். விடுமுறையிற் சில நாள் உலாவி வருவதற்கே பெரும்பாலானோர் அதனை வைத்திருப்பர். எனினும், ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்போரும் உளர். ஊர் பார்க்கப் புறப்பட்ட இளைப்பாறியோர், கட்டட வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர், சில மாதங்களுக்கு ஒரு வைத்தியசாலையாக மாறி மாறிப் பணிபுரியும் தாதியர், வீட்டு வாடகை கொடுக்க வழியற்றோர் எனப் பல திறத்தாரும் அவர்களுள் அடங்குவர்.

வண்டிதானே, எங்கேனும் ஒரு மர நிழலில் நிறுத்திவிட்டு இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் இடர்ப்பாடு இருக்கிறது. வீட்டு வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு. ஒன்று நல்ல நீருக்கு. மற்றொன்று குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்வதற்கு. மூன்றாவது மலசலகூடக் கழிவுக்கு. இருவர் எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும், ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்குள் நல்ல நீர்த் தொட்டி வற்றிவிடும். கழிவுத் தொட்டிகள் நிரம்பிவிடும். ஆதலின், நீர்க் குழாயும் மின்சார இணைப்பும் கழிவுக் குழாயும் ஒருங்கே அமைந்த தரிப்பிடங்களை வாடகைக்கு விடும் முகாம்கள் நாடெங்கும் ஏற்பட்டன. அவற்றுட் சில மத்திய அரசுக்கும், சில மாநிலங்களுக்கும், பெரும்பாலானவை தனியாருக்கும் உரியவை. 1962ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில் தொடங்கப்பெற்ற கே. ஓ. ஏ. நிறுவனத்தின் முகாம்கள் அவற்றுட் பெயர் பெற்றவை. வீட்டு வண்டிக்கு முகாம் என்பது கப்பலுக்குத் துறைமுகம் போன்றது. துறைமுகங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மூடப்பட்டால் நடுக்கடலில் நிற்கும் கப்பலின் கதி யாதாகும்?

2020 மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது அதுவே. அம்மாதம் 11ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. 17ஆம் நாள் கலிபோர்னியா மாநிலம் தன் பூங்காக்களிலுள்ள முகாம்கள் அனைத்தையும் மூடுவதாக அறிவித்தது. 23ஆம் நாள் புளோரிடா மாநிலப் பூங்காக்கள் மூடப்பட்டன. மறுநாள் புகழ்பெற்ற யெலோஸ்டோன் தேசியப் பூங்காவின் வாயில்களும் அடைபட்டன. முன்பணம் செலுத்தி, இன்ன நாள் இன்ன இடம் என்று மாதக்கணக்கில் வகுத்து வைத்திருந்த பயணத் திட்டங்கள் ஓரிரு நாளிற் கலைந்தன. காலையிற் புறப்பட்டவர் மாலையிற் சென்று சேரும்போது, முகாமின் வாயிலில் சங்கிலி தொங்குவதைக் கண்டார்.

"உங்கள் சொந்த ஊருக்குத் திரும்பிச் செல்லுங்கள்" என்று அதிகாரிகள் கூறினர். சொல்லுதல் எளிது. ஆண்டு முழுவதும் வண்டியில் வாழ்வோருக்குச் சொந்த ஊர் என்பது பெரும்பாலும் ஒரு தபால் முகவரியே. டெக்சாஸ், தென் டகோட்டா, புளோரிடா ஆகிய மாநிலங்களில், வண்டிவாசிகளின் கடிதங்களைப் பெற்று அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் நிலையங்கள் உள்ளன. 1978இல் தோன்றிய எஸ்கேப்பீஸ் என்னும் சங்கம் டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரிலிருந்து இப்பணியைச் செய்துவருகிறது. வாகன அனுமதிப் பத்திரத்திலும் வாக்காளர் பட்டியலிலும் அம்முகவரியே காணப்படும். சட்டத்தின் கண்ணுக்கு அது வீடு. ஆனால் அங்கே போய்ப் படுத்துறங்க முடியுமா?

இவர்களுடைய துன்பத்தைக் கேட்டவுடன் வாயிலை மூடியவர்களைக் குறைகூறுவதும் நேர்மையாகாது. யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிறு பட்டினம் உண்டு. செம்பாறைக் குன்றுகளைக் காண இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் அங்கே வருவர். ஊரிலுள்ள வைத்தியசாலையிலோ 17 கட்டில்களே இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கவில்லை. பயணிகள் வந்து குவிந்தால் ஊராரையும் காக்க முடியாது, வந்தவரையும் காக்க முடியாது என வைத்தியர்கள் அஞ்சினர். மார்ச் மாத நடுப்பகுதியில் அப்பிரதேசத்துச் சுகாதாரத் திணைக்களம், வெளியூரார் விடுதிகளிலும் முகாம்களிலும் தங்குவதைத் தடைசெய்தது. வருவோர் போவோரைக் கொண்டே பிழைத்த ஓர் ஊர் தன் வருவாயைத் தானே துறந்தது. ஊரைக் காக்கும் கடமை ஒரு பக்கம். வழியில் நிற்பவருக்கு இடமளிக்கும் கடமை மறுபக்கம். இரண்டும் நியாயமே. இரண்டு நியாயங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றதே அந்நாட்களின் சிக்கல்.

இந்நிலையில் இடம் தேடியவர்கள் எவ்வாறு இடம் கண்டனர்? முதலாவது வழி தொலைபேசி. இணையத்திற் கண்ட செய்தி காலையில் உண்மையாயிருந்து மாலையிற் பொய்யாகிவிடும். ஆதலின், விடயமறிந்தோர் முகாம் நடத்துவோரையே நேரில் அழைத்து விசாரித்தனர். பல ஊர்களின் கட்டளைகள் உல்லாசப் பயணியையும் நிரந்தர வாசியையும் வேறு பிரித்தே நோக்கின. ஓரிரவு தங்க வருவோரை மறுத்த தனியார் முகாம்கள், "இந்த வண்டியே எங்கள் வீடு, மாத வாடகைக்கு இருக்கிறோம்" என்போரை ஏற்றன. பொதுக் குளியலறைகள் பூட்டப்பட்டிருந்தமையால், தன்னுள்ளேயே மலசலகூடம் உடைய வண்டிகளுக்கு மட்டும் இடமளித்த முகாம்களும் பல. முகாம் நடத்துவோர் சங்கமும் வண்டித் தொழிற் சங்கங்களும், முகாம்களை இன்றியமையாத சேவையாகக் கருதுமாறு ஆளுநர்களிடம் விண்ணப்பித்தன.

இரண்டாவது வழி, மேற்கு மாநிலங்களிற் பரந்து கிடக்கும் அரச நிலம். மத்திய அரசின் நில முகாமைப் பணியகத்துக்குரிய பாலை நிலங்களிற் பெரும்பகுதியில், கட்டணமின்றி வண்டியை நிறுத்தித் தங்கலாம். அரிசோனா மாநிலத்துக் குவாட்சைட் என்னும் ஊரைச் சுற்றிப் பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் கூடுவது வழக்கம். ஆனால் அங்கும் ஒரு விதி உண்டு: 28 நாட்களுக்குள் 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் இருத்தல் ஆகாது. நோய்க் கட்டளை "அசையாதே" என்றது. நில விதி "பெயர்ந்து செல்" என்றது. அன்றியும், நீருக்கும் கழிவகற்றலுக்கும் ஊருக்குள் வந்தே ஆகவேண்டும். சித்திரை பிறந்தால் பாலையின் வெப்பமும் தாங்கத் தகாததாகிவிடும். வடக்கே போக வேண்டிய வேளையில் வடக்கே இருந்த முகாம்கள் மூடிக் கிடந்தன.

மூன்றாவது வழியே பலருக்குக் கைகொடுத்தது. அது உறவினர் வீட்டு முற்றம், நண்பரின் தோட்டம், முன்பின் அறியாத ஒரு கமக்காரரின் வயலோரம். ஒரு மின்கம்பியும் ஒரு நீர்க் குழாயும் நீட்டிவிட்டால் போதும், இடம் பிறந்துவிட்டது. அதே காலத்தில் இதற்கு மறுதலையான ஒரு காட்சியும் தோன்றியது. நோயாளருடன் பழகிய வைத்தியரும் தாதியரும், தம் பிள்ளைகளுக்கு நோயைக் கொண்டு செல்ல அஞ்சி வீட்டுக்குள் நுழையாது தவித்தனர். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வைத்தியரின் குடும்பத்தார் தொடங்கிய முயற்சியால், சும்மா கிடந்த வீட்டு வண்டிகளை உரிமையாளர்கள் இலவசமாகக் கொடுத்துதவ முன்வந்தனர். வண்டி உடையவருக்கு முற்றம் கிடைத்தது. முற்றம் உடையவருக்கு வண்டி கிடைத்தது.

கோடை பிறந்து கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, இடத் தட்டுப்பாடு நீங்கவில்லை; வேறு உருவம் கொண்டது. விமானத்துக்கும் விடுதிக்கும் அஞ்சியவர்கள் வீட்டு வண்டிகளை வாங்கத் தலைப்பட்டனர். 2019இல் ஏறத்தாழ 406,000 வண்டிகளை விற்பனைக்கு அனுப்பிய தொழிற்சாலைகள், 2020இல் 430,000க்கு மேலும், 2021இல் 600,000க்கு மேலும் அனுப்பின. வண்டிகளைப் பெருக்கிய வேகத்தில் தரிப்பிடங்களைப் பெருக்க முடியுமா? முதலில் "முகாம் திறந்திருக்கிறதா?" என்று கேட்டவர்கள், இப்போது "இடம் ஒழிந்திருக்கிறதா?" என்று கேட்டனர். மத்திய அரசின் முகாம்கள் பலவற்றில் ஆறு மாதம் முன்னரே பதிவு தொடங்கும். தொடங்கிய சில நிமிடங்களிலேயே நல்ல இடங்கள் தீர்ந்துவிடும். ஞாயிறு மாலை வந்து வியாழன் காலை புறப்படுவோருக்கும், பிறர் கைவிட்ட பதிவுகளை நாள்தோறும் தேடிப் பார்ப்போருக்குமே வாய்ப்புக் கிட்டியது.

வடக்கே கனடாவிலும் இதன் எதிரொலி கேட்டது. பனிக்காலத்தில் தெற்கே சென்று இளவேனிலில் மீள்வது கனடிய முதியோர் பலரின் வழக்கம். 2020 மார்ச் 21ஆம் நாள் தொடக்கம் அவசியமற்ற பயணங்களுக்குத் தரைவழி எல்லை மூடப்பட்டது. 2021 நொவம்பர் 8ஆம் நாள் வரையில் அவர்கள் தம் வண்டிகளைத் தெற்கே ஓட்டிச் செல்ல வழியிருக்கவில்லை. விமானத்திற் செல்லலாம், வீட்டை விமானத்தில் ஏற்ற முடியுமா? எனவே அவர்கள் பனிக்காலத்தைக் கழிக்கத் தம் நாட்டுக்குள்ளேயே குளிர் சற்றுக் குறைந்த பிரித்தானிய கொலம்பியாக் கரையோரத்தில் முகாம் தேடினர்.

இந்நிகழ்ச்சிகளால் விளங்கும் உண்மை ஒன்றுண்டு. வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமன்று. அது நிற்பதற்கு உரிமையுள்ள நிலமும், அருந்த நீரும், கழிவு போக வழியும் சேர்ந்ததே வீடு. வீடு உடையோர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. சுவாசிக்கும் காற்றைப் போல அவை இயல்பாக அமைந்துவிடுகின்றன. "வீட்டிலேயே இருங்கள்" என்னும் கட்டளையை எழுதும் கை, வீடு எத்தனை வகையானது என்பதையும் எண்ணியே எழுதவேண்டும். கதவை அடைக்கும்போது, வெளியே நிற்பவர் எங்கே செல்வார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அடைப்பது அரசுக்கும் ஊருக்கும் ஒருங்கே உரிய கடமையாகும். அக்கட்டளை பிறந்த சில நாட்களுக்குள், "முகாமை மூடுங்கள், ஆனால் அதிலே குடியிருப்பவரை எழுப்பாதீர்கள்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்ட ஊர்கள் நோயையும் தடுத்தன, மனிதரையும் காத்தன. அந்த ஒரு வரியே பலருக்கு வீடாயிற்று.