தைத்த தசை பிடித்திருக்கிறதா?

மலத்தை அடக்க முடியாத குறையைப் பற்றிப் பேசப்போகிறேன். கூச்சப்பட்டு வானொலியை அணைத்துவிடாதீர்கள். மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே கொழுந்து பறிக்கிற ஒரு தாய்க்கு இது வந்தால், மலையில் ஓடி ஒதுங்க இடமேது? பல தாய்மாருக்கு இது பிரசவத்தில் ஆசனவாயின் சுருக்குத் தசை கிழிந்ததால் வருவது. 1993இல் வெளியான லண்டன் ஆய்வில், சுகப்பிரசவமாக முதற்பிள்ளை பெற்ற 79 பேரில் 28 பேருக்கு அந்தத் தசை சேதமாகியிருந்தது; கண்ணுக்குத் தெரிந்த கிழிசலோ மிகச் சிலருக்கே. காட்டிக்கொடுத்தது விரல் பருமனுள்ள ஸ்கேன் கருவி. ஆசனவாய்க்குள் வைத்தால் திரையில் இரண்டு வளையங்கள் தெரியும்: உள்வளையம் கறுப்பு, வெளிவளையம் சற்று வெளுப்பு. பிரசவக் கிழிசல் என்றால் பெரும்பாலும் முன்பக்கம், கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில், வளையம் அறுந்து நிற்கும். பின்னாளில் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியரான கெமால் டீன், பர்மிங்ஹாமில் சக மருத்துவர்களோடு சேர்ந்து, ஸ்கேன் காட்டியதைச் சத்திரசிகிச்சையில் கண்டதோடு ஒப்பிட்டு அதே 1993இல் எழுதினார். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின.

கத்தி வைக்குமுன் படம் தேவை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. தைத்த பிறகும் தேவை என்பதே என் வாதம். 2000இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வில், தசையை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைத்து ஐந்து வருடமான 38 பேரில் நால்வருக்கே மலம் முழுமையாகக் கட்டுப்பட்டது. மற்றவர்களை என்ன செய்வது? தையல் விட்டிருந்தால் மறுபடி தைக்க நியாயமுண்டு. வளையம் முழுசாக இருந்தும் கசிகிறதென்றால், தசையை இயக்கும் நரம்பில் பழுது இருக்கலாம். திரும்ப அறுப்பது வீண் வேதனை. விரலால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள் சிலர். இறுக்கம் விரலுக்குத் தெரியும். ஒட்டிய தழும்பையும் உயிருள்ள தசையையும் பிரித்தறிவது அதற்குச் சிரமம்.

மாத்தளையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போனால் ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எல்லோரும் போகத் தேவையில்லை. சாப்பாட்டு மாற்றம், மருந்து, தசைப் பயிற்சி ஆகியவற்றிலேயே பலர் தேறிவிடுவார்கள். சத்திரசிகிச்சை வரை போகிறவர்களுக்கே இந்தப் படம். வீணான இரண்டாம் சத்திரசிகிச்சை என்றால் பல வாரச் சம்பளம் போய்விடும். வயிற்று ஸ்கேன் கருவியை வெளியிலிருந்து வைத்துப் பார்க்கும் முறையும் உண்டு, பழகிய கை வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காகச் சிகிச்சை வென்றதாகக் கணக்கெழுதக் கூடாது. வளையம் சேர்ந்திருந்தும் துணி நனைகிறது என்று அந்தத் தாய் சொன்னால், கிளினிக் கொப்பியில் முதலில் ஏற வேண்டியது அவர் சொன்னதுதான்.