ஜீவனாம்சம் பிரம்மா எழுத்தா?



1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு விவாகரத்து உரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது உலகமே முழுகிவிடும் என்று வைதிகர்கள் கூச்சலிட்டார்கள். 1955-இல் அவ்வுரிமை இந்து விவாகச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. உலகம் முழுகவில்லை. ஆகவே பிரியலாமா கூடாதா என்று இன்று பேசப் போவதில்லை. பிரிந்தவர்களுடைய குழந்தையின் சோற்றைப் பற்றியே பேசப் போகின்றோம்.

ஒரு பனியன் கம்பெனித் தையல்காரர் விவாகரத்தின்போது மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உத்தரவாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருஷம் கழிகின்றது. பால் குடித்த குழந்தை பள்ளிக்கூடம் போகின்றது. அவரும் மேஸ்திரியாகி 30,000 வாங்குகின்றார். தொகை மட்டும் அதே 3,000! தாயாரைக் கேட்டால், "கோர்ட்டு எழுதினது எழுதினதுதானே, அது தலையெழுத்து" என்கின்றார். பிரம்மா எழுதியது மாறாது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நாட்டில் மாஜிஸ்ட்ரேட்டு எழுதியதும் பிரம்மா எழுத்தாகிவிட்டது.

தோழர்களே, இது சுத்தப் பொய். வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டமே, நிலைமை மாறினால் தொகையையும் மாற்றலாம் என்று வைத்திருந்தது. 1973-ஆம் வருஷச் சட்டத்தில் அது 127-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று நம் வாயில் நுழையாத பெயரோடு வந்திருக்கும் சட்டத்தில் 146-ஆவது பிரிவு. இந்து விவாகச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும் குழந்தைக்கான உத்தரவை மாற்ற இடங்கொடுக்கின்றது. மனுப் போட வேண்டும், நிலைமை மாறியதை ருசுப்பிக்க வேண்டும்; அவ்வளவே.

சட்டம் செய்தவர்களும் யோக்கியர்களல்ல. அந்தக் கிரிமினல் சட்டத்தில் ஜீவனாம்சத்திற்கு 1955-இல் 500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சில ராஜ்யங்கள் தாமாக அதை உயர்த்திக்கொண்டன. மத்திய சட்டத்திலோ 2001 வரையில், 46 வருஷம், அதே 500 தான்! இதற்குள் அரிசி விலை எங்கே போயிற்று?

சரி, தகப்பனுக்கே கஷ்டம் வந்தால்? வந்தால் குறைக்கக் கேட்கலாம். கம்பெனி மூடிவிட்டது, கை ஒடிந்துவிட்டது என்றால் அவருக்கும் அதே கோர்ட்டு, அதே மனு. அவரைப் பட்டினி போட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பலர் செய்வது வேறு. மனுப் போடாமல் தாமே நீதிபதியாகி, பணம் கொடுப்பதை நிறுத்திவிடுகின்றார்கள். பாக்கி ஏறுகின்றது. பிறகு வாரண்டு வருகின்றது. தக்க காரணமின்றிக் கொடுக்கத் தவறினால், பாக்கி நின்ற ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்லுகின்றது. ஜெயிலுக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. "குழந்தையைக் காட்ட மாட்டேனென்கிறாள், ஆகையால் கொடுக்க மாட்டேன்" என்பார் சிலர். பார்ப்பதற்கு வேறு மனு இருக்கின்றது. தாயின் மேலுள்ள கோபத்திற்குப் பிள்ளையின் வயிறா ஜாமீன்?

இன்னும் சிலருக்கு வரும்படி கோர்ட்டு வாசலில் மட்டும் குறைந்துவிடும்! திவசத்திற்கும் கும்பாபிஷேகத்திற்கும் எழுதின தொகையைப் பார்த்தால் குபேரன். குழந்தையின் பள்ளிச் சம்பளம் என்றால் குசேலன். செத்துப்போன தகப்பனுக்குப் பிண்டம் போட மறக்காதவர்கள், உயிரோடிருக்கும் பிள்ளையை மறந்துவிடுகின்றார்கள். இந்த வேஷத்தைக் கண்டுதான் 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஜீவனாம்ச வழக்கில் இரு கக்ஷியாரும் சொத்து, வரும்படி, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டுமென்று உத்தரவிட்டது. தாய் சம்பாதித்தால் அதையும் அவர் எழுதத்தான் வேண்டும். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

தாய்மார்களே! பள்ளிக்கூட ரசீது, மருந்துக் கடைச் சீட்டு, வாடகைச் சீட்டு இவைகளைக் கிழித்தெறியாமல் வையுங்கள். அவைதான் சாக்ஷி. வக்கீலுக்குப் பணமில்லையே என்று பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும்படி எவ்வளவானாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. தாலுகாக் கோர்ட்டிலுள்ள சட்ட உதவிக் குழுவைக் கேளுங்கள். ஜோசியனிடம் போவதற்கு முன்னே போங்கள்.