பட்டை கூட்டினால் பாரம் கூட்டலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற சரக்கு பெரும்பாலும் காத்திருக்காத சரக்கு. சின்னமனூர் வாழைத்தாரானாலும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையானாலும், தக்காளியானாலும், அறுத்த கையோடு சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் முன்பு மாட்டு வண்டி நின்ற தோட்டத்து வாசலில் இன்று பிக்கப் வண்டி நிற்கிறது. அந்த வண்டி வாங்கிய சில மாதங்களிலேயே பலரும் பட்டறையில் போய்க் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, லோடு ஏத்துனா பின்னாடி குந்துது. ரெண்டு பட்டை சேத்துப் போட்டு விடுங்க.”

அப்படிச் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும், எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

பின்னால் உள்ள ஸ்பிரிங் பட்டை வண்டியின் ஒரு உறுப்புதான். எடையை அதுவும் சுமக்கிறது. அச்சு, சக்கரத்தின் பேரிங், டயர், சேஸிஸ் ஆகியவையும் சுமக்கின்றன. ஓடுகிற எடையை நிறுத்துவது பிரேக். பட்டையைக் கூட்டினால் வண்டி குந்தாமல் நிமிர்ந்து நிற்கும். மற்ற உறுப்புகள் எல்லாம் பழைய பலத்திலேயே இருக்கும். ஆகவே பட்டை கூட்டுவதால் ஏற்றக்கூடிய பாரம் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெறும் எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். உதாரணத்துக்கு மொத்த எடை 2,800 கிலோ, வெறும் எடை 1,550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,250 கிலோ. இதில் ஓட்டுநரும் சுமை தூக்குபவரும் 140 கிலோ. பிறகு கட்டிய கூண்டு, தார்ப்பாய், கயிறு எல்லாம் 60 கிலோ. ஆக, சரக்குக்கு இடம் 1,050 கிலோதான். தார் ஒன்று 25 கிலோ என்றால் 42 தார். அதில் 60 தார் ஏற்றினால் 450 கிலோ கூடுதல். வண்டி குந்தாமல் என்ன செய்யும்?

கண்மதிப்பு போதாது. ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முழு வண்டியையும் எடை போட்ட பிறகு, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். அந்த எண் 100 என்றால் அந்த டயர் சரியான காற்றில் தாங்குவது 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. பின்னால் இரண்டு டயர் என்றால் இரட்டித்துப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

அளவோடு ஏற்றியும் வண்டி குந்துகிறதா? அப்போது பட்டையில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தரையிலிருந்து பாடி வரைக்கும் உயரத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை வளைவு இழந்திருக்கலாம், அல்லது உள்ளே ஒன்று முறிந்திருக்கலாம். நடு போல்ட்டுக்குப் பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று மண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள். யூ போல்ட் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில்தான் பட்டை முதலில் முறியும்.

முறிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். ஸ்பிரிங் எஃகுக்குப் பதம் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் முறியும். உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவதும் அப்படித்தான். முறையாகப் பதம் வைக்கத் தெரியாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டி மாடலுக்கு உரிய பட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். யூ போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். பாரத்தோடு நாலைந்து நடை போன பிறகு அதை மறுபடியும் முறுக்க மறக்காதீர்கள்.

இனி, பட்டை கூட்டுவதில் இருக்கிற கணக்கு. பட்டையின் கனத்தை ஒன்றேகால் மடங்கு ஆக்கினால் அதன் விறைப்பு ஒன்றேகால் மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. தடித்த பட்டை போட்ட வண்டி பாதி லோடில் போனாலும், காலியாகத் திரும்பினாலும் துள்ளும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஈர ரோட்டில் பிரேக் போட்டால் இழுத்துக்கொண்டு போகும். அந்த அதிர்ச்சி எல்லாம் சரக்குக்கும் போய்ச் சேருகிறது. பன்னீர் திராட்சை கொத்திலிருந்து உதிரும். வாழைக்காய் தோல் கறுக்கும். அதிகம் ஏற்றிச் சம்பாதித்ததைக் கழிவாகக் கொடுத்துவிட்டு வருவோம்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. பாரத்தால் பாடி எவ்வளவு இறங்குகிறதோ, அதற்கு ஏற்றபடி அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். விறைப்பான பட்டை போட்டால் பாடி இறங்காது. பாரம் இல்லை என்று நினைத்து அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதாவது, எடை கூடின வண்டிக்குப் பிரேக் குறைந்துபோகிறது. பட்டையில் எந்த வேலை செய்தாலும் இந்த வால்வைக் கம்பெனிக் கணக்குப்படி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இது மலைப்பாதையில் உயிர் விஷயம். கம்பத்திலிருந்து கோட்டயத்துக்குச் சரக்கு கொண்டுபோகிற வண்டி குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு கடந்து, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்குகிறது. இறக்கம் ஏறக்குறைய 1,000 மீட்டர். நாம் கூடுதலாக ஏற்றிய 450 கிலோ மட்டும் இந்த இறக்கத்தில் உண்டாக்குகிற சூடு, 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜினும் கியரும் தாங்கியதுபோக மீதி முழுவதும் பிரேக்கில் இறங்குகிறது. லைனிங் சூடேறினால் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்தால் மிதி பொதுக்கென்று உள்ளே போகும். அந்த நேரத்தில் பின்னால் தார்ப்பாய் மேல் ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் கதி என்ன? ஆகவே சரக்கு மேல் ஆளை ஏற்றாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி, 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கி வைக்காமல் வண்டி நகரவும் முடியாது. நடு ரோட்டில் இறக்கி வைத்த தக்காளியின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி அமைப்பை மாற்றுவதற்கும் 52-வது பிரிவில் கட்டுப்பாடு உண்டு. கம்பெனி வடிவத்திலிருந்து மாறுகிற வேலை எதுவானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாரம் ஏறின பிறகு மட்டும் வந்து தாங்குகிற துணைப் பட்டையை உங்கள் மாடலுக்கு வண்டிக் கம்பெனியே கொடுத்தால் அதைப் போடலாம், அதுவும் ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் ஏற்றுவதற்குத்தான். கனமான சரக்கைப் பின் அச்சுக்கு முன்னால் அடுக்குங்கள். பின்கதவைத் தாண்டித் தாரைத் தொங்கவிட்டால் முன் சக்கரம் இலேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள். பிரேக் ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். அடிக்கடி 60 தார் அனுப்ப வேண்டியிருக்கிறதா? இரண்டு நடை அடியுங்கள், அல்லது பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து பெரிய வண்டி பிடியுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பட்டைச் செலவு, டயர்ச் செலவு, கழிவு எல்லாம் சேர்ந்து அந்த இரண்டாவது நடையின் வாடகையைத் தாண்டிவிடும்.

இந்த வாரமே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை தார், எத்தனை பெட்டி என்று கணக்கிட்டு, கூண்டின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வைத்துவிடுங்கள். ஏற்றுகிறவர் கண்ணில் அது படட்டும்.