பதவியை விட்டு விலகும் வேளை

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பதவியைப் பெறுவது எங்ஙனம் என்று இம்மேடையில் 25 ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். பேசத்தான் வேண்டும். நம் தெருவில் ஒருவர் பெறும் அரசு ஊதியம் ஒரு வயிற்றுக்கு மட்டுமன்று. தம்பியின் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் திருமணமும் அதிலேயே அடங்கியுள்ளன. ஆயினும், மனத்துக்கு நிறைவு தரும் பதவியை எப்போது விடுவது என்பதையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

1956 நவம்பர் 23 அன்று, பெருமழை வெள்ளத்தில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் இடிந்து தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தைக் கட்டியவரும் வண்டியைச் செலுத்தியவரும் இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அல்லர். எனினும், பொறுப்பு தம்முடையதே எனக் கூறிப் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார், பிரதமர் நேரு அன்று ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார். விலகியதால் அவர் சிறுமையுறவில்லை, 1964-இல் பிரதமரானார்.

அண்ணல் அம்பேத்கர் விலகியது வேறொரு காரணத்தால். 1947 ஆகஸ்டில் சட்ட அமைச்சரானார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்கும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 1951 செப்டம்பரில் கைவிடப்பட்டபோது பதவியைத் துறந்தார். நம் மக்களின் நலனில் அரசு காட்டிய அசட்டையையும் காரணமாகக் கூறினார். அது ஒரு நாள் சினத்தில் எடுத்த முடிவன்று. நான்காண்டுப் பொறுமைக்குப் பின் எடுத்தது. அம்மசோதாவின் பகுதிகள் 1955, 1956 ஆம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாயின.

இளைஞர்களே! எப்பணிக்காக நாற்காலியில் அமர்ந்தோமோ, அப்பணிக்கு அந்நாற்காலி பயன்படுகிறதா? இதுவே நமக்குரிய அளவுகோல். பயன்படும் வரை, ஏளனச் சொற்களைக் கேட்டு எழுந்துவிடாதீர்கள். நம்மை எழுப்பிவிடக் காத்திருப்போர் பலர். பயன்படாது எனத் தெளிந்தபின் ஊதியத்துக்காக ஒட்டிக்கொண்டும் இராதீர்கள். குடும்பத்துக்கு மாற்று வழி தேடிக்கொண்டு, தலைநிமிர்ந்து வெளியேறுங்கள்.

மூத்தோர்க்கும் ஒரு சொல். நம் சங்கத்தின் இரவுப் பாடசாலைப் பொறுப்பை நாம் 19 ஆண்டுகளாக வகித்து வருகிறோம். இதனினும் நிறைவு தந்த பணி நமக்கு வேறில்லை. அங்குப் பயின்றோர் பலர் இன்று பட்டதாரிகள். நாம் அமர்ந்தே இருப்பின், அவர்கள் நின்றுகொண்டே இருக்க நேரும். ஆதலின், வரும் சூன் முதல் அப்பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறோம். கணக்குப் பாடம் நடத்த அழைத்தால் மகிழ்வுடன் வருவோம். சாவியைத் திருப்பிக் கேட்க மாட்டோம்.