கேட்டுக்கு இந்தப் பக்கம்
(ஆசிரியர்களுக்கான சாலைப் பாதுகாப்புப் பயிற்சியில் ஆற்றிய உரை)

ஹெல்மெட், சிக்னல் பற்றியெல்லாம் நீங்களே வகுப்பில் சொல்லிவிடுகிறீர்கள். நான் ரயில்வே கேட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதையும் என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு கேட். காலையில் நான் போகும் நேரத்தில்தான் மூடுவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அவசரத்தில், ஸ்கூட்டரைச் சாய்த்து, தலையைக் குனிந்து, அடியில் நுழைந்து பல ஆண்டுகள் போயிருக்கிறேன். ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சைக்கிளோடு அப்படியே நுழைந்ததைக் கண்டித்தேன். “நீங்க போனீங்க சார், அதான் நானும் வந்தேன்” என்றான். அவன் எதிர்த்துப் பேசவில்லை. நடந்ததைத்தான் சொன்னான். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் கணக்குப் பாடத்தில் அதையே எடுத்தேன். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கும். ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் இருக்கிறது. அப்படியானால் ஒலி எழுந்த பிறகு நமக்கு 20 நொடி. தண்டவாளத்தில் வண்டி அணைந்துவிட்டால்? அந்த வேகத்தில் வரும் முழுநீள எக்ஸ்பிரஸ், பிரேக் போட்டாலும் 600 மீட்டருக்குள் நிற்காது. வகுப்பில் 20 வரை எண்ணச் சொன்னேன். பதினைந்தைத் தாண்டியதும் சத்தம் தானாகக் குறைந்துவிட்டது.

தூரத்தில் வரும் பெரிய பொருள் மெதுவாக வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். “வண்டி அங்கதானே வருது” என்பது அதனால்தான். இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் கிளம்புகிறவர், அதன் மறைவில் எதிர்த்திசையில் வரும் இன்னொன்றைப் பார்ப்பதில்லை.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. அதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. கேட் மூடியதும் வலப்பக்கத்தையும் அடைத்து நிற்கிறோம். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. திறந்ததும் இரு கூட்டமும் தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த ரயிலுக்குக் கேட்டை மூட முடியாது. இன்டர்லாக் உள்ள கேட்டில், மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். அதனால் ரயில் வெளியே காத்து நிற்கும். இன்டர்லாக் இல்லாத இடத்தில் அந்தக் காப்பு கிடையாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அது இன்டர்லாக் இல்லாத கேட்தான். அந்தக் கேட் மூடப்படாமல் இருந்தது வேறு கதை. ஆனாலும் உங்கள் பள்ளி வேன் ஓட்டுநரிடம் கேளுங்கள்: கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி, பாட்டை அணைத்து, இருபுறமும் பார்க்கிறாரா?

மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. உடைத்தால் ஐந்தாண்டு வரை.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டில் நின்று வந்த பிள்ளையை, தாமதம் என்று வெளியே நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நாளைக்கு அவன் குனிந்துதான் வருவான்.

இப்போது நான் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன். கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இடது ஓரம் நிற்கிறேன். அந்த மாணவனும் சில நாள் பக்கத்தில் சைக்கிளோடு நிற்பான். இருவரும் பெட்டிகளை எண்ணுவோம். பெரும்பாலும் அவன் எண்ணிக்கைதான் சரியாக இருக்கும்.