பிறந்தநாள் மிட்டாய்



கல்வராயன் மலையில் நான் பணியாற்றியபோது, நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பிறந்தநாளன்று பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் கேட்டேன். "சாக்லேட் வாங்கக் காசில்ல சார்" என்றாள். அப்புறம்தான் அந்தச் சாக்லேட்டில் என்ன இருக்கிறது என்று உறையைத் திருப்பிப் படித்தேன்.

பால் சாக்லேட்டில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. கால் பங்குக்கு மேல் கொழுப்பு. 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். கோகோவில் இரும்பும் மெக்னீசியமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கோகோ மிகுந்த கருஞ்சாக்லேட்டின் பெருமை. நம் பிள்ளைகள் வாங்கும் ஒரு ரூபாய் மிட்டாயில் கோகோ பெயருக்குத்தான்.

நிலக்கடலையிலோ 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம். கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். உருண்டை பிடிக்கச் சேர்க்கும் வெல்லமும் சர்க்கரைதான். அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

சாக்லேட்டைத் தடை செய்யவில்லை. தடுத்தால் பைக்குள் ஒளிந்து வரும். மாதக் கடைசி வெள்ளியன்று, அந்த மாதம் பிறந்த எல்லோருக்கும் சேர்த்துப் பள்ளியிலேயே கொண்டாட்டம், கடலை உருண்டையோடு. முதல் மாதம் உருண்டை பிடிக்க வந்த தாய்மார்களில் அந்தப் பெண்ணின் அம்மாவும் இருந்தார்.