வழக்கு என்று வந்துவிட்டால்
(தோட்டப் பாட்டாளிகளிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கோவலன் கதையை அறியாத தமிழர் இலர். சிலம்பு விற்க மதுரைக்குச் சென்றவன் மீது பொற்கொல்லன் ஒருவன் களவுப் பழியைச் சுமத்தினான். மன்னன் ஆராய்ந்து பார்க்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பின்னர் கண்ணகி அரசவைக்கு வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் போன உயிர் மீளவில்லை. சிலப்பதிகாரத்தில் அப்பகுதிக்கு 'வழக்குரை காதை' என்றே பெயர். கோவலனுக்காகப் பேச வேண்டியவர் பேச வேண்டிய நேரத்தில் அங்கே இல்லை என்பதே அக்கதையின் துயரம்.

நம் நாட்டில் இன்று அத்தகைய நிலை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தமக்காகப் பேச ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம் என்று நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே கூறுகிறது. ஆயினும் அவ்வுரிமையை அறியாமையாலும் அச்சத்தாலும் நம்மில் பலர் இழந்துவிடுகின்றோம். ஆகவே, குற்ற வழக்கு வந்தால் வழக்கறிஞரைத் தேடுவது எப்படி, நாட்டில் நடைபெறும் வழக்குகளைக் கவனித்து வருவதால் நமக்கு என்ன பயன் என்பவை குறித்து இன்று உங்களோடு உரையாட விழைகிறோம்.

கைதான முதல் நாள்

ஓர் இளைஞனை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வயது இருபத்திரண்டு. விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, பகலில் மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு வீடு திரும்புபவன். ஒருநாள் தோட்டத்து ஸ்டோரில் வைத்திருந்த ஒட்டுப்பால் மூட்டைகள் காணாமற்போகின்றன. அன்றிரவு அவ்வழியே அவன் மோட்டார் சைக்கிளில் சென்றதைக் கண்டதாக ஒருவர் சொல்கிறார். போலீசார் அவனைக் கைது செய்கின்றனர். லயத்தில் அவனுடைய தாய் செய்வதறியாது நிற்கிறாள்.

இந்நிலையில் சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதிப்படி, கைதானவருக்குக் கைதுக்கான காரணம் கூடிய விரைவில் தெரிவிக்கப்பட வேண்டும். தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரைக்கொண்டு வாதாடவும் கைதானவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அவரை மெஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவ்வுரிமை கைதான வேளையிலிருந்தே தொடங்குகிறது என்று கூட்டரசு நீதிமன்றம் 1975ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. ஆயினும் புலன் விசாரணை கெடாத வகையில் அது பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்லிற்று.

2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, விசாரிப்பதற்கு முன்பே, உறவினர் அல்லது நண்பர் ஒருவரோடும், வழக்கறிஞர் ஒருவரோடும் தொடர்புகொள்ளலாம் என்பதைப் போலீஸ் அதிகாரி கைதானவருக்குத் தெரிவிக்க வேண்டும். சாட்சியம் அழிந்துவிடும், பிறருக்கு ஆபத்து நேரும் என்பன போன்ற சில சூழ்நிலைகளில் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. எனவே அவ்விளைஞன் முதலில் கேட்க வேண்டியது, "என் வீட்டாருக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வேண்டும்" என்பதே. இதனை மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்கலாம். இப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது.

விசாரணையின்போது பொய் சொல்லலாகாது. ஆனால் தம்மையே குற்றத்துக்கு உட்படுத்தக்கூடிய கேள்விக்கு விடையளிக்க மறுக்கச் சட்டம் இடந்தருகிறது. தாம் சொல்லாத ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதில் கையொப்பமிடலாகாது. மொழி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்க மெஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. 14 ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயின், முதன்முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள் வரை தடுப்புக் காவலுக்கு அனுமதி வழங்கலாம். 14 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 7 நாளும் மீண்டும் 7 நாளும் ஆகும். திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை என்பதால் நம் இளைஞன் முதல் வகையைச் சேர்ந்தவன். தடுப்புக் காவல் விண்ணப்பத்தின்போது, தானாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ தன் தரப்பை எடுத்துரைக்க அவனுக்கு உரிமை உண்டு. "இவன் நிலையான வேலையில் இருப்பவன், ஓடிவிட மாட்டான், இத்தனை நாள் தேவையில்லை" என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மெஜிஸ்திரேட் அதனைக் கருத்திற்கொள்வார். சில சிறப்புச் சட்டங்களில் கால வரம்பு வேறு. அத்தகைய வழக்குகளில் வழக்கறிஞரின் துணை இன்னும் இன்றியமையாதது.

கைதானவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின், 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பெற்றோருக்கு உடனே தெரிவிக்கப்பட வேண்டும். இதனைப் பெற்றோர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

வழக்கறிஞரை எங்கே தேடுவது?

வெளியிலுள்ள குடும்பத்தார் முதலில் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தப் போலீஸ் நிலையம், விசாரணை அதிகாரியின் பெயர், எந்தக் குற்றம், எந்த நீதிமன்றத்துக்கு எந்த நாளில் கொண்டு செல்கிறார்கள் என்பவையே அவை. இவை கையில் இல்லாமல் எந்த வழக்கறிஞரும் விரைந்து செயற்படல் இயலாது.

வசதி குறைந்தவர்களுக்கென அமைந்த முதல் வாயில், யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம். கூட்டரசு அரசாங்கத்தின் நிதியுதவியோடு 2011ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட இவ்வமைப்பு, 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் சேவையாற்றி வருகிறது. வழக்கறிஞர் மன்றத்தைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் இதன் வழி மலேசியக் குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல், ஜாமீன், விசாரணை ஆகிய கட்டங்களில் துணை நிற்கின்றனர். விசாரணைக் கட்டத்தில் வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். மரண தண்டனைக்குரிய வழக்குகளில், வழக்கறிஞரை அமர்த்த இயலாதவருக்கு நீதிமன்றமே அரசாங்கச் செலவில் ஒருவரை நியமிக்கும்.

இரண்டாவது வாயில், மாநிலங்களில் இயங்கும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். மூன்றாவது, 1970ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையாகிய ஜபாத்தான் பந்துவான் குவாமான். இத்துறை குற்ற வழக்குகளில் குறிப்பிட்ட சில வகைகளுக்கே நேரடியாக உதவும். எனினும் எங்கே செல்ல வேண்டும் என்று வழிகாட்டத் தயங்காது.

சொந்தச் செலவில் வழக்கறிஞரை அமர்த்த விரும்புவோர் அருகிலுள்ள பட்டணத்திலேயே தேடுவது நன்று. அந்த வட்டார நீதிமன்றத்தில் அன்றாடம் வாதாடுபவருக்கு அங்குள்ள நடைமுறை பழக்கமாயிருக்கும். அழைத்த நேரத்தில் வரவும் இயலும். நிலப் பத்திரம் எழுதுவதில் வல்லவர் குற்ற வழக்கிலும் வல்லவராய் இருப்பார் என்று கொள்ளலாகாது. "குற்ற வழக்குகளை நீங்கள் தொடர்ந்து நடத்துகிறீர்களா? நீங்களே வருவீர்களா, வேறொருவரை அனுப்புவீர்களா?" என்று நேரிற் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தொழிற் சான்றிதழ் பெற வேண்டும். ஒருவர் உண்மையிலேயே வழக்கறிஞர்தாமா என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் இதனைச் சில நிமிடங்களிற் செய்துவிடுவர்.

கட்டணமும் தரகரும்

துன்பத்தில் இருக்கும் குடும்பத்தைத் தேடிவருபவர் எல்லாரும் உதவ வருபவர் அல்லர். "பெரிய இடத்தில் எனக்கு ஆள் தெரியும், இவ்வளவு கொடுத்தால் பையனை வெளியே கொண்டுவந்துவிடுவேன்" என்று சொல்பவரிடம் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர். அப்படிக் கொடுப்பது ஏமாற்றமாக மட்டும் முடிவதில்லை. லஞ்சம் கொடுத்த குற்றமாகவும் ஆகக்கூடும். தரகர் வைத்து வழக்குப் பிடிப்பதும், "வென்றால் இவ்வளவு" என்று கட்டணம் பேசுவதும் வழக்கறிஞருக்குத் தடைசெய்யப்பட்டவை.

கட்டணம் எவ்வளவு, அது எந்தெந்தக் கட்டத்துக்கு உரியது, மேல்முறையீடும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். "கட்டாயம் விடுதலை வாங்கித் தருவேன்" என்று உறுதி கூறுபவரை விட, வழக்கின் பலவீனத்தையும் எடுத்துச் சொல்பவரே நம்பத்தக்கவர். வழக்கறிஞர் முறை தவறி நடந்தால், வழக்கறிஞர்களின் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திடம் புகார் செய்யலாம்.

ஒப்புக்கொண்டால் முடிந்துவிடுமா?

இங்கேதான் நம் மக்கள் பெரிதும் தவறுகின்றனர். விசாரணை கோரினால் பலமுறை நீதிமன்றம் செல்ல வேண்டும். சென்ற நாளெல்லாம் கூலி போகும். தோட்டத்தில் பேச்சும் எழும். "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இன்றே முடிந்துவிடும்" என்று அண்டை அயலார் ஆலோசனை கூறுவர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட இளைஞனுக்கு அன்றைய தினம் எதுவும் முடிந்துவிடுவதில்லை. அவன் பெயரில் குற்றப் பதிவு நிற்கும். நாளை அரசாங்க வேலைக்கோ, பாதுகாவலர் வேலைக்கோ மனுச் செய்யும்போது அது குறுக்கே வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பிறகு மேல்முறையீடு செய்தாலும், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரிதானா என்பதையும் பற்றி மட்டுமே வாதாடலாம். "நான் செய்யவில்லை" என்று சொல்லும் வாய்ப்புப் பெரும்பாலும் போய்விடும்.

உண்மையிலேயே தவறு செய்தவர் ஒப்புக்கொள்வது நேர்மை. அப்போதும் வழக்கறிஞர் தேவையே. முதன்முறை தவறியவர், குடும்பச் சுமை தாங்குபவர், இழப்பை ஈடுசெய்ய முன்வந்தவர் என்பவற்றை முறையாக எடுத்துரைத்தால், தகுந்த வழக்குகளில் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒப்புக்கொள்வதன் விளைவை அவர் புரிந்துகொண்டாரா என்று நீதிமன்றம் கேட்டறிய வேண்டும் என்பதும் சட்டம். மொழி புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தலையை மட்டும் அசைத்துவிடாதீர்.

வழக்குகளைக் கவனித்து வருதல்

நாளேட்டில் வரும் வழக்குச் செய்திகளைக் கதை படிப்பதுபோல் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அவற்றைக் கருத்தூன்றிப் படித்தால் நீதிமன்ற நடைமுறை தானே விளங்கும். 'குற்றம் சாட்டப்பட்டார்' என்றால் குற்றவாளி என்று பொருளன்று. 'எதிர்வாதம் செய்ய அழைக்கப்பட்டார்' என்றால் அரசுத் தரப்பு முதற்கட்டச் சான்றுகளை நிறுவிவிட்டது என்பதே பொருள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நியாயமான ஐயத்துக்கு அப்பால் குற்றத்தை நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்புடையதே.

அண்மைக் காலத்தில் நாடே கவனித்த வழக்கு, முன்னாள் பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் துன் ரசாக் மீதான எஸ்.ஆர்.சி. வழக்கு. 2018ஆம் ஆண்டு ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்டார். 2019 நவம்பரில் எதிர்வாதம் செய்ய அழைக்கப்பட்டார். 2020 ஜூலை 28இல் உயர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2022 ஆகஸ்டு 23இல் கூட்டரசு நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தின. இறுதிக் கட்டத்தில் புதிய வழக்கறிஞர்களை அமர்த்தி, ஆயத்தம் செய்யக் கால அவகாசம் கேட்டபோது நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் உண்டு. எவ்வளவு பெரியவராயினும் கட்டங்கள் ஒன்றே. வழக்கறிஞரைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் மாற்றுவதால் காலம் கிடைத்துவிடாது.

சட்டங்களும் மாறுகின்றன. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4இல் நடைமுறைக்கு வந்தது. இன்று கொலை வழக்கில் மரண தண்டனைக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. பழைய வழக்கை நினைவில் வைத்துக்கொண்டு, "இதற்கு இதுதான் தண்டனை" என்று யாரும் அடித்துச் சொல்லலாகாது.

மற்றொன்றும் சொல்வோம். நீதிமன்றம் பொதுவாக யாவர்க்கும் திறந்த இடம். நீதிமன்றம் நடைபெறும் நாளொன்றில் பட்டணத்து மெஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குச் சென்று, கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, அடக்கமாகப் பின் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். எந்த வழக்கறிஞர் ஆயத்தமாக வருகிறார், யார் கட்சிக்காரரிடம் பொறுமையாகப் பேசுகிறார் என்பதெல்லாம் ஒரு காலைப் பொழுதிலேயே தெரிந்துவிடும். வழக்கறிஞரைத் தேர்வதற்கு அதனினும் நல்ல வழி இல்லை.

பெருமக்களே, தவறான வழியில் செல்லாதிருப்பதே முதற் பாதுகாப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நேர்மையாளர் மீதும் பழி விழக்கூடும். அன்று அவ்விளைஞனின் தாய் லயத்து வாசலில் அழுதுகொண்டு நில்லாமல், கையில் நான்கு விவரங்கள் எழுதிய தாளோடு சட்ட உதவி மையத்தை நோக்கிப் புறப்படுவாளாயின், இன்று நாம் பேசியது பயன் பெற்றதாகும். இவ்வுரையைப் படிக்கத் தெரியாத முதியோருக்குப் பிள்ளைகள் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறோம்.